1966 ஃபெண்டர் மஸ்டாங்: எனாமலுக்கு அடியில் இருந்த கிட்டார்

மேசையில் இருப்பது கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ஃபெண்டர் நிறுவனம் 1966-இல் செய்த மஸ்டாங் என்ற மின்கிட்டார். தொழிற்சாலையிலிருந்து சிவப்பாக வெளிவந்த கிட்டார், இப்போது கறுப்பு. கதவு ஜன்னலுக்கு அடிக்கிற எனாமல் பெயின்ட்டை யாரோ பிரஷ்ஷால் உடம்பு முழுக்க இழுத்திருக்கிறார்கள். முகத்தில் பூட்டிய பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக்கூடக் கழற்றவில்லை, அதன் ஓரம் நெடுக கறுப்புக் கோடு. சுருதியை ஆட்டும் ட்ரெமலோ கை அசைய மறுக்கிறது. நெக் (கிட்டாரின் கழுத்து) பக்கத்து பிக்கப்பில், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காயிலில், சத்தமே இல்லை. தோள்வார் மாட்டும் கீழ்ப்பக்க ஸ்ட்ராப் பட்டன் ஆடி ஆடி ஓட்டை அகன்று, பட்டன் காணாமல் போய்விட்டது. நெக் மட்டும் எந்தக் கைவரிசைக்கும் ஆளாகாமல் தப்பியிருக்கிறது.

மஸ்டாங் 1964-இல் மாணவர்களுக்கான மலிவு கிட்டாராக வந்தது. சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்றே நிறம். 1990-களில் நிர்வாணா இசைக்குழுவின் கர்ட் கோபேன் கையில் பார்த்த பிறகு உலகமே அதைத் தேட ஆரம்பித்தது. அதற்கு முன்பு பல ஆண்டுகள் இது அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போகிற பழைய கிட்டார்தான். அதனால்தான் இப்படி மேல்பூச்சு வாங்கிய மஸ்டாங்குகள் அதிகம்.

பழைய கிட்டாருக்குப் புதுப் பூச்சு அடிக்கலாமா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட வேண்டும். அசல் பூச்சு பாதி உரிந்து, கீறி, மங்கிப்போயிருந்தாலும் அதைத் தொடக் கூடாது. துடைத்து, உதிர்கிற ஓரங்களை ஒட்டி, அப்படியே விட்டுவிடுங்கள். எவ்வளவு அழகாக அடித்தாலும் புதுப் பூச்சு அந்தக் கிட்டாரின் மதிப்பைக் குறைக்கும். போன அசலைத் திரும்பக் கொண்டுவர எந்த வழியும் கிடையாது. இந்தக் கிட்டாரில் அசல் ஏற்கெனவே எனாமலோடு கலந்துவிட்டதா, அடியில் முழுசாக இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே மற்றதெல்லாம்.

என்ன இருக்கிறது, எது அசல்

கழற்றும்போதே எழுதிவைக்க வேண்டியவை உண்டு. நெக்கின் அடிப்பகுதியில், உடம்புக்குள் உட்காரும் இடத்தில், தேதி முத்திரை இருக்கும். இதில் மே 66. கடைசியில் பி என்ற எழுத்து. அந்த எழுத்து நட்டின், அதாவது நெக்கின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் துண்டின், அகலத்தைச் சொல்கிறது. ஏ என்றால் ஒன்றரை அங்குலம், பி என்றால் ஒன்று ஐந்தெட்டு அங்குலம், அதாவது ஏறக்குறைய 41 மி.மீ.

வால்யூம், டோன் இரண்டுக்கும் உள்ள பாட்களின் (திருகிக் கூட்டிக் குறைக்கும் பாகங்களின்) முதுகில் 304 என்று தொடங்கும் எண். 304 ஸ்டாக்போல் நிறுவனத்தின் குறியீடு, சி.டி.எஸ். என்றால் 137. அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டு வாரம். ஆனால் பாட் தேதியை மட்டும் நம்பி கிட்டாருக்கு வயது சொல்லாதீர்கள். ஃபெண்டர் 1966-இல் பாட்களைப் பெருமளவில் வாங்கிக் குவித்தது. அதே பாட்கள் 1960-களின் கடைசி வரை வந்த கிட்டார்களிலும் கிடைக்கின்றன. நெக் முத்திரை, பாட், பின்பக்கத் தகட்டிலுள்ள எண் மூன்றும் ஒத்துப்போனால்தான் தேதி உறுதி. தகட்டில் பெரிய எஃப் எழுத்து இருப்பது 1965-இல் தொடங்கிய வழக்கம். அந்த ஆண்டு ஜனவரியில்தான் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது.

நெக் உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். பெயின்ட் அடிக்கும்போது உடம்பைப் பிடிக்க ஒரு கட்டையை அங்கே திருகியிருப்பார்கள். அந்தக் கட்டை மறைத்த இடத்தில் நிறம் ஏறாது. அந்த அச்சு இதில் தெளிவாக இருக்கிறது, சுற்றிலும் சிவப்பு. ஆக, பள்ளத்துக்குள் இருப்பது அசல் பூச்சு. அங்கே எமரியும் பெயின்ட்டை இளக்கும் ஸ்ட்ரிப்பரும் போகக் கூடாது, புதுப் பெயின்ட்டும் போகக் கூடாது. அடுத்து இந்தக் கிட்டாரைத் திறப்பவருக்கு அது சாட்சி.

கறுப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அறிய, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கீழே மறைவான ஓரிடத்தில் பிளேடால் சாய்வாகச் சுரண்டினோம். கறுப்பு, அதன் கீழே சாம்பல் பிரைமர், அதன் கீழே திட்டுத் திட்டாகச் சிவப்பு, பிறகு மஞ்சள் கலந்த கண்ணாடி போன்ற ஓர் அடுக்கு, பிறகு மரம். எனாமல் அடித்தவர் அதற்கு முன்பே சிவப்பை எமரி போட்டுத் தேய்த்துத் தள்ளியிருக்கிறார். முன்பக்கத்தில் மிஞ்சியது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சிவப்பு முழுசாக இருந்திருந்தால் வேலை வேறு மாதிரி போயிருக்கும்: எனாமலை மட்டும் பிளேடால் மெல்லச் சீவி எடுத்து அசலை வெளியே கொண்டுவரலாம். பொறுமைக்காரர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். இங்கே அதற்கு வழியில்லை.

அந்த மஞ்சள் அடுக்குதான் கவனிக்க வேண்டியது. 1960-களில் ஃபெண்டர் மரத்தின் மேல் முதலில் அடித்த கெட்டியான சீலர் அது, ஃபுல்லர்பிளாஸ்ட் என்பார்கள். அதன் மேல் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர், சுருக்கமாக நைட்ரோ அல்லது என்.சி. பஞ்சில் என்.சி. தின்னரைத் தொட்டு வையுங்கள்: நைட்ரோ கரைந்து பஞ்சில் நிறம் ஏறும், ஃபுல்லர்பிளாஸ்ட் அசையாது. அசையாத அந்த அடுக்கைக் கஷ்டப்பட்டு எடுத்து வெறும் மரத்துக்குப் போகிறவர்கள் நிறைய. அது வீண் வேலை, கெடுதலும்கூட. அரை நூற்றாண்டாகச் சுருங்கி முடித்து, மட்டமாக இருக்கிற சீலர் அது. அதற்கு இணையான அடித்தளம் புதிதாகக் கிடைக்காது. அதோடு நிறுத்திக்கொள்வது என்று தீர்மானித்தோம்.

பெயின்ட்டை எடுப்பது

எமரி எடுப்பதற்கு முன் நாஃப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பானால் உடம்பை இரண்டு தடவை துடையுங்கள், ஒவ்வொரு தடவையும் புதுத் துணியால். காரணம் சிலிக்கோன். பழைய கிட்டார்களுக்குப் போடும் பாலிஷ்களிலும் பர்னிச்சர் ஸ்ப்ரேக்களிலும் சிலிக்கோன் இருக்கும். துடைக்காமல் தேய்த்தால் அதை மரத்துக்குள்ளேயே அழுத்திவிடுவோம். பிறகு அடிக்கிற ஒவ்வொரு கோட்டிலும் (பூச்சு அடுக்கிலும்) வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகி ஓடும். மீன்கண் என்று பெயின்ட்டர்கள் சொல்வது அதைத்தான்.

அந்தக் காலத்துச் சிவப்பு, மஞ்சள் நிறமிகளில் ஈயம் இருக்கலாம். பழைய எனாமலிலும் இருக்கலாம். உலர்ந்த எமரியால் தூசி பறக்கத் தேய்க்கக் கூடாது. சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் இளக்கிச் சுரண்டி எடுப்பதே நல்லது, அதுவும் குறைந்த சூட்டில், புகை கிளம்பாதபடி, பொருத்தமான ஃபில்டர் போட்ட மாஸ்க் அணிந்து. குழந்தைகள் நடமாடும் இடத்தில் வேண்டாம். சுரண்டிய துகளைக் காகிதத்தில் சேர்த்து மூடி அப்புறப்படுத்துங்கள். நைட்ரோ எளிதில் தீப்பற்றும். ஹீட் கன் பக்கத்தில் தின்னர் டப்பா இருக்கவே கூடாது.

மெத்திலீன் குளோரைடு கலந்த ஸ்ட்ரிப்பர் வேகமாக எடுக்கும், ஆனால் மூடிய அறையில் அதன் ஆவி உயிரைப் பறிக்கும். பெயின்ட் எடுப்பதற்காக அதைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா 2019-இல் தடை செய்தது. ஒரு கிட்டாருக்காக அதைத் தொடத் தேவையில்லை.

ஹீட் கன்னை 10 செ.மீ. தள்ளிப் பிடித்து நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். எனாமல் கொப்பளித்தவுடன் மூலை மழுக்கிய பட்டை ஸ்கிரேப்பரால் தள்ளினால் ரிப்பனாக வரும். ஒரே இடத்தில் நின்றால் சீலரும் கொப்பளிக்கும், மரமும் கருகும். மஸ்டாங் உடம்பு பெரும்பாலும் பாப்லர், சிலவற்றில் ஆல்டர். இரண்டும் மென்மையான மரங்கள், ஸ்கிரேப்பர் முனை குத்தினால் பள்ளம்தான். மிஞ்சிய சாம்பல் பிரைமரையும் சிவப்பையும் 320 வாட்டர் பேப்பரில் தண்ணீருக்குப் பதில் மினரல் டர்பென்டைன் தொட்டுத் தேய்த்தோம். தூசி எழாது, மரம் ஊறாது.

தேய்க்கும்போது தட்டையான கட்டையில் பேப்பரைச் சுற்றிக்கொள்ளுங்கள். விரலால் தேய்த்தால் ஓரம் உருண்டுவிடும். இந்தக் காலத்து மஸ்டாங் தட்டைப் பலகை போன்ற உடம்பு. வயிற்றுப் பக்கச் செதுக்கல் பின்னாளில் வந்தது. ஆகவே அந்த ஓரத்தின் வளைவுதான் கிட்டாரின் உருவமே. புதுப் பூச்சு அடித்த பல பழைய ஃபெண்டர்கள் சோப்புக் கட்டிபோல் வழவழவென்று தெரிவதற்கு அளவு மீறிய எமரிதான் காரணம்.

மரவேலை

சீலர் உடைந்து மரம் தெரிந்த இடங்களில் இருந்த நசுங்கல்களுக்கு ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியின் முனையால் சூடு காட்டினால் நார் உப்பி மேலே வரும். நார் அறுந்த வெட்டுக்கு இது பலிக்காது; அதை நிரப்பத்தான் வேண்டும். நிரப்ப லப்பம் வேண்டாம், நாளாக நாளாக அது உள்வாங்கும். சின்னப் பள்ளமென்றால் சயனோ பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சமன்படுத்துங்கள், பெரிதென்றால் எபாக்ஸி.

ஸ்ட்ராப் பட்டன் ஓட்டையை 8 மி.மீ. டிரில்லால் சீராக்கி, அதே அளவு கடின மரக் குச்சியை மரப்பசை போட்டு இறக்கி, மறுநாள் மட்டமாக வெட்டி, நடுவில் 3 மி.மீ. பைலட் ஓட்டை போட்டோம். தீக்குச்சியும் பசையும் திணித்தால் தற்காலிகமாக நிற்கும். தோளில் தொங்கும் கிட்டாரின் எடை அதில்தான் என்பதால் அந்தக் குறுக்கு வழி இங்கே உதவாது. பிக்கார்ட் திருகுகளின் தளர்ந்த ஓட்டைகளுக்குப் பல்குத்தும் குச்சியும் பசையும் போதும்.

பூச்சு

பாப்லர், ஆல்டர் இரண்டுக்கும் நுண்துளை மிகச் சிறிது. கிரெய்ன் ஃபில்லர் தேவையில்லை. ஆஷ் மரம் என்றால் தேவை.

ஓர் உடம்புக்கு வேண்டியவை, தின்னர் கலக்காத அளவில்: என்.சி. சாண்டிங் சீலர் 200 மி.லி., வெள்ளை என்.சி. பிரைமர் 200, சிவப்பு லேக்கர் 300, கிளியர் லேக்கர் 500, நல்ல தரத் தின்னர் ஒன்றரை லிட்டர், ரிடார்டர் 100 மி.லி. மலிவுத் தின்னர் ஸ்ப்ரே கன் கழுவ மட்டும். லேக்கரில் கலந்தால் சீக்கிரம் ஆவியாகி, பூச்சு மங்கும். கன் இல்லாதவர்கள் 400 மி.லி. ஸ்ப்ரே கேனில் நிறம் இரண்டு, கிளியர் மூன்று வாங்கினால் போதும். அடிக்குமுன் கேனை வெந்நீரில், அதாவது கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில், பத்து நிமிடம் வைத்தால் தூறல் நுண்மையாக வரும். அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

நெக் பள்ளத்தையும் பிரிட்ஜ் துளைகளையும் டேப் ஒட்டி மூடுங்கள். பள்ளத்துக்குள் புதுப் பூச்சு ஏறினால் நெக் இறுக்கமாகப் போய், திருகும்போது பள்ளத்தின் மூலையில் லேக்கர் விரிசல் விடும். பழைய பாணியில் ஒரு கட்டையைப் பள்ளத்தில் திருகிப் பிடித்துக்கொண்டு அடிப்பதே வசதி. உடம்பைத் திருப்பிப் போட, தொங்கவிட அது கைப்பிடி.

பழைய ஃபுல்லர்பிளாஸ்ட்டை 320-ஆல் மங்கலாக்கினால் போதும். அதன் மேல் மெழுகு நீக்கிய ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) ஒரு மெல்லிய கோட். மிச்சமிருக்கும் சிலிக்கோனையும், பழைய சிவப்பு புதுப் பூச்சுக்குள் கசிவதையும் ஷெல்லாக் தடுத்து நிறுத்தும். எதன் மேலும் ஒட்டும், அதன் மேல் எதுவும் ஒட்டும். பிறகு சாண்டிங் சீலர், தின்னருடன் சரிபாதி, இரண்டு கோட். 320-இல் லேசாகத் தேய்த்தால் வெண்பொடி உதிர வேண்டும். பேப்பரில் பிசின்போல் அடைத்தால் இன்னும் காயவில்லை.

சிவப்பு நிறமி ஒளியை நன்றாக மறைக்காது. அடியில் எந்த நிறமோ அதைப் பொறுத்தே மேலே தெரிவதும். சாம்பல் பிரைமர் மேல் அடித்தால் செங்கல் கலந்த கருஞ்சிவப்பு. வெள்ளை மேல் அடித்தால் பிரகாசமான சிவப்பு. இந்தக் கிட்டாருக்கு வெள்ளைதான். நிறத்தைப் பொருத்த, வெயில் படாத இடத்தில் இருக்கும் அசலைப் பாருங்கள்: நெக் பள்ளமும் கன்ட்ரோல் தகட்டின் அடியும். ஒரு சின்னப் பலகைத் துண்டில் அதே வெள்ளை, அதே சிவப்பு, அதே கிளியர் அடித்து உலரவிட்டு, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈரத்தில் பார்த்த நிறம் காய்ந்த நிறமல்ல. கிளியரில் மிகச் சிறிதளவு மஞ்சள் சாயம் கலந்தால் வயதான நைட்ரோவின் வெதுவெதுப்பு வரும். ஒரு சொட்டு கூடினாலும் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாயும்.

கன் முனை 1.3 மி.மீ., காற்றழுத்தம் 25 முதல் 30 பி.எஸ்.ஐ., தூரம் 15 முதல் 20 செ.மீ. ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். கன்னை உடம்புக்கு வெளியே திறந்து, வெளியே போய் மூடுங்கள். முதலில் ஓரங்கள், பிறகு முகம். நிறம் நான்கு மெல்லிய கோட், கிளியர் ஏழு அல்லது எட்டு. ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். இடையில் ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். நைட்ரோவில் ஒவ்வொரு கோட்டும் முந்தையதைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும், அதனால் இடையே தேய்க்க வேண்டியதில்லை. அதே காரணத்தால், அவசரப்பட்டு அடுக்கினால் அடிக்கோட்டின் தின்னர் வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். மேல் தோல் காய்ந்த மாதிரி தெரியும். மாதம் கழித்துத்தான் சுருங்கி, மர ரேகையும் அடைத்த ஓட்டையும் மேலே எட்டிப்பார்க்கும்.

இனி என்னென்ன கெடும் என்பது.

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்று ஊர்களில் முதல் எதிரி வெண்படலம். அடித்த சில நிமிடங்களில் சிவப்பின் மேல் பால் தெளித்தாற்போல் வெளுக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து லேக்கருக்குள் மாட்டிக்கொள்கிறது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் அடிக்காதீர்கள். பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு, மழை இல்லாத நாளில் அடியுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் தின்னரில் ஐந்து முதல் பத்து சதவீதம் ரிடார்டர் கலந்து ஆவியாதலை மெதுவாக்குங்கள். ஏற்கெனவே வெளுத்திருந்தால் மேலே ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் பனித்தூறலாகத் தூவினால் லேக்கர் மறுபடி இளகி ஈரத்தை விட்டுவிடும். கம்ப்ரஸரில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இல்லையென்றால் இதெல்லாம் செய்தும் பயனில்லை, குழாய் வழியாகவே தண்ணீர் வந்து விழும்.

வழிந்துவிட்டால் ஈரத்தில் துடைக்காதீர்கள். இரண்டு நாள் விட்டு, ஷேவிங் பிளேடின் இரு முனையிலும் டேப் ஒட்டி, டேப் இல்லாத நடுப்பகுதியால் வழிசலை மட்டும் சீவுங்கள். டேப்பின் தடிமன் சுற்றிலும் உள்ள பூச்சைக் காப்பாற்றும். ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி விழுந்தால் லேக்கர் கெட்டி, அல்லது கன் தூரம். நேர் வெயிலில் உலர்த்தினால் தோல் முந்திக் காய்ந்து, உள்ளே இருக்கும் தின்னர் குமிழாக வெடிக்கும், நிழலிலேயே தொங்கவிடுங்கள்.

கடைசிக் கோட்டுக்குப் பிறகு குறைந்தது நான்கு வாரம். நாளைவிட மூக்கு சரியாகச் சொல்லும். கன்ட்ரோல் குழிக்குள் மூக்கை வைத்து மோந்து பாருங்கள், தின்னர் வாசம் இருக்கும்வரை பாலிஷ் வேண்டாம்.

பாலிஷுக்கு 1000, 1500, 2000 வாட்டர் பேப்பர், ஒவ்வொன்றும் முந்தைய கீறல் முற்றும் மறையும் வரை. கொஞ்சம் சோப்பு கரைத்த தண்ணீர் பேப்பர் அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் திருகு ஓட்டைக்குள் தண்ணீர் இறங்கினால் மரம் உப்பி, ஓட்டையைச் சுற்றி லேக்கர் வட்டமாக வெடிக்கும். ஓட்டைகளை மெழுகால் அடைத்துவிடுங்கள், இல்லையேல் தண்ணீருக்குப் பதில் நாஃப்தா. ஓரங்களில் பேப்பர் படவே வேண்டாம்; அங்கே பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும், இரண்டே இழுப்பில் வெள்ளைப் பிரைமர் பல்லிளிக்கும். ஓரத்துக்கு ரப்பிங் காம்பவுண்ட் போதும். எல்லாம் முடிந்து சிலிக்கோன் இல்லாத பாலிஷ். அதற்கு மேல் கண்ணாடிப் பளபளப்பு வேண்டும் என்று கிளியரை அடுக்க ஆசைப்படாதீர்கள். மொத்தப் பூச்சும் 0.15 மி.மீ.-ஐத் தாண்டாமல் இருப்பதே இந்தக் காலத்து ஃபெண்டருக்கு உரிய தோற்றம். தடித்த பூச்சு பிளாஸ்டிக் உறைபோலத் தெரியும், சீக்கிரம் விரிசலும் விடும்.

மின்சாரப் பகுதி

ஊமையான பிக்கப்பை மல்டிமீட்டரில் வைத்தால் சுற்று அறுந்திருப்பதாகக் காட்டியது. நன்றாக இருக்கும் பிரிட்ஜ் பிக்கப் 6.4 கிலோ ஓம். காயில் எங்கோ நடுவில் அறுந்திருந்தால் முழுதாகப் பிரித்துச் சுற்ற வேண்டும். அதற்கு முன் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கம்பியின் இரு முனையும் ஐலெட் என்ற உலோக வளையத்தில் பற்றவைத்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் துரு ஏறி அறுந்திருக்கும். இதில் வெளிமுனைதான் போயிருந்தது, அதனால் பிழைத்தது. ஒரு சுற்றை மட்டும் அவிழ்த்து, முனையில் எனாமலை 1000 எமரியால் மெல்ல நீக்கி, ஐலெட்டில் சுற்றி, துளியளவு ஈயம். கம்பியின் தடிமன் 0.063 மி.மீ., தலைமுடியைவிடக் குறைவு. மூச்சு விட்டாலே ஆடும். உள்முனை அறுந்திருந்தால் அது காயிலின் அடியில் இருப்பதால் எடுக்க முடியாது. அப்போது ரீவைண்டிங் தெரிந்தவரிடம் கொடுப்பதே வழி.

ஸ்லைடு சுவிட்சுகளைப் பற்றி ஒன்று. ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஒரு சுவிட்ச், மூன்று நிலை. நடுவில் வைத்தால் அணைந்துவிடும். இரு பக்கமும் இயங்கும், ஆனால் எதிரெதிர் ஃபேஸில், அதாவது ஒன்றில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும். இரண்டு சுவிட்சும் ஒரே பக்கம் என்றால் முழுச் சத்தம். ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம் என்றால் அடித்தொனி கழிந்து, மூக்கால் பாடுகிற மெல்லிய ஒலி. இது தெரியாமல் வயரிங் கெட்டுவிட்டது என்று பிரித்துப் போட்ட மஸ்டாங்குகள் உண்டு. பிரிப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். கரகரப்புக்குக் கான்டாக்ட் கிளீனர் தெளித்து இருபது முப்பது முறை நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். துரு நீக்கும் பொது எண்ணெய் ஸ்ப்ரேக்கள் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு தங்கித் தூசி பிடிக்கும்.

பாட்களையும் டிஸ்க் கெபாசிட்டரையும் மாற்றவில்லை. சுத்தம் செய்தபின் சீராக ஏறி இறங்குகிற பழைய பாட்டை எடுத்துவிட்டுப் புதிது போடக் காரணமே இல்லை. அசல் ஈயப் பற்றும் அந்தக் கிட்டாரின் அடையாளத்தில் சேர்ந்தது.

புதுப் பூச்சுக்குப் பிறகு எல்லாரும் தவறவிடுவது எர்த் கம்பி. அது ட்ரெமலோ தகட்டின் அடியில் வந்து தகட்டால் அழுத்தப்பட்டிருக்கும். அந்தக் கம்பி முனையில் லேக்கர் ஏறினாலோ, மடிந்து போனாலோ தொடர்பு போய், கிட்டார் கம்பியைத் தொடாதபோதும் தொட்டபோதும் ஒரே இரைச்சல். தகட்டைத் திருகியவுடன் ஜாக்கின் எர்த் முனையிலிருந்து கிட்டார் கம்பிவரை மல்டிமீட்டரில் பாருங்கள், ஓர் ஓமுக்குள் வர வேண்டும்.

ட்ரெமலோ, நெக், கடைசி அளவுகள்

ட்ரெமலோ அசையாததற்குத் துருதான் காரணம். தகட்டின் அடியிலிருக்கும் இரண்டு ஸ்பிரிங்கையும் முதலில் கழற்றுங்கள், கண்ணாடி அணிந்துகொண்டு; கொக்கி நழுவினால் முகத்துக்கு வரும். குரோம் பாகங்களை வினிகரிலோ அமிலத்திலோ ஊறப்போட்டால் துருவோடு குரோமும் உரியும். கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மேல்துரு போகும். இரண்டு தூண்களும் தகட்டில் உட்காரும் கூர்முனைகளில் மட்டும் கிரீஸ். கம்பி பூட்டுகிற உருளைக் கட்டையை உடம்புக்குக் கொஞ்சம் நெருக்கி இறக்கினால் பிரிட்ஜின் மேல் கம்பியின் சாய்வு கூடும், கம்பி பள்ளத்திலிருந்து துள்ளாது.

இந்த பிரிட்ஜ் முன்னும் பின்னும் ஆடும்படி செய்தது. டேப் சுற்றி ஆடாமல் இறுக்குபவர்கள் இருக்கிறார்கள். ட்ரெமலோவைத் தொடாதவர்களுக்கு அது சரி. பயன்படுத்துகிறவர்கள் ஆடவிடுங்கள், கம்பியோடு சேர்ந்து பிரிட்ஜும் போய் வந்தால்தான் சுருதி திரும்ப வந்து நிற்கும்.

நெக்கின் பூச்சைத் தொடவில்லை. விரல் வைக்கும் ரோஸ்வுட் பலகையை நாஃப்தாவால் துடைத்து ஒரு சொட்டு மினரல் ஆயில். பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டைப் பளபளப்பாக்க ஸ்டீல் வுல் எடுக்கிறீர்கள் என்றால் பிக்கப் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது; இரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டினால் பிறகு எடுக்க முடியாது. ஃப்ரெட் உயரம் பெரும்பாலான இடத்தில் 0.8 மி.மீ. இருந்தது, அதனால் மாற்றாமல் சமன்படுத்தி முனை உருட்டினோம். 0.6-க்குக் கீழே போனால் மாற்ற வேண்டியிருக்கும்.

நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான ட்ரஸ் ராடின் திருகு நெக்கின் அடிமுனையில் இருப்பதால் ஒவ்வொரு முறையும் நெக்கைத் தளர்த்தித் தூக்க வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். ஏழாவது ஃப்ரெட்டில் வளைவு 0.2 மி.மீ. போதும். பள்ளத்தில் பழைய ஃபைபர் துண்டு இருந்தால் எறியாதீர்கள், நெக்கின் கோணத்துக்காகத் தொழிற்சாலையிலேயே வைத்ததாக இருக்கலாம்.

நட்டிலிருந்து பிரிட்ஜ்வரை கம்பி நீளம் 24 அங்குலம். ஃபெண்டரின் இன்னொரு கிட்டாரான ஸ்ட்ராட்டோகாஸ்டரின் 25.5-உடன் ஒப்பிட்டால் அதே தடிமனுக்கு இழுவிசை ஏறக்குறைய 11 சதவீதம் குறைவு. ஒன்பதாம் எண் (மெல்லிய கம்பி 0.009 அங்குலத் தடிமன்) கம்பி போட்டால் தொளதொளவென்று இருக்கும், பிரிட்ஜும் நிற்காது. 11 போடுங்கள், அந்த நீளத்தில் அது ஸ்ட்ராட்டோகாஸ்டரின் 10-ஐவிடச் சற்றே இறுக்கமாக இருக்கும், அவ்வளவுதான். பலகையின் வளைவு 7.25 அங்குல ஆரம் என்பதால் கம்பி உயரத்தை ரொம்பத் தாழ்த்தக் கூடாது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு 2.2, மெல்லியதற்கு 1.8 மி.மீ. அதற்குக் கீழே வைத்தால் மேல் ஃப்ரெட்களில் கம்பியை இழுக்கும்போது நடு வளைவில் இடித்து ஒலி செத்துவிடும். இந்த பிரிட்ஜில் கம்பி உட்காரும் ஒவ்வொரு சேடிலும் பலகையின் வளைவுக்கேற்ற வேறு வேறு பருமன். தனித்தனியாக உயர்த்த முடியாது. கழற்றும்போது வரிசை மாறாமல் வைத்திருந்தால் அது தன்னாலேயே சரியாக உட்காரும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரம், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கைவிடக் கூடினால் சேடிலை வால் பக்கம் நகர்த்துங்கள், குறைந்தால் நெக் பக்கம்.

வெள்ளை முத்துப் பிக்கார்டின் ஓரத்து எனாமலை நகத்தாலும் மரச் சீவலாலும் சுரண்டி எடுத்தோம். தின்னர் பட்டால் அந்த பிளாஸ்டிக் உருகும். புதுச் சிவப்பின் மேல் அதைப் பூட்டும்போது திருகுகளை முதல் சில வாரம் இறுக்க வேண்டாம். நைட்ரோ அதுவரை மென்மையாகவே இருக்கும், இறுக்கினால் பிக்கார்டின் அச்சு பதியும். ரப்பர் கால் வைத்த கிட்டார் ஸ்டாண்டில் எப்போதுமே வைக்காதீர்கள்; சில வகை ரப்பர் நைட்ரோவோடு வினைபுரிந்து, படும் இடத்தை ஒட்டும் பிசினாக்கிவிடும். பருத்தித் துணி சுற்றி வையுங்கள், அல்லது பெட்டியில்.